சவர்டோ பாண்: மூன்று தரமும் தட்டையாகப் போனது, யாழ்ப்பாண வெயிலுக்கு யாராவது கணக்குச் சொல்லுங்கள்

கோண்டாவில் குசினி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள்தான் நான். இன்றைக்கு வாயைத் திறக்க வேண்டி வந்துவிட்டது. மூன்றாவது பாணையும் கோழிக்குப் போட்டுவிட்டு இப்போதுதான் வந்து இருக்கிறேன். கோழி ஒரு தரம் கொத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கணக்குப் பிசகினால் எனக்கு நித்திரை வராது. மார்கழியில் யூரியூப் பார்த்துவிட்டு, ஈஸ்ட் இல்லாமல் மாவும் தண்ணீரும் மட்டும் கலந்து வைத்தால் தானாகப் புளித்து எழும்பும் என்று இந்தச் சவர்டோ வேலையைத் தொடங்கினேன். ஜாம் போத்தலில் 50 கிராம் கோதுமை மா, 50 கிராம் தண்ணீர். அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வழிகிறது. எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டாம், மகளுக்கு உடனே வட்ஸ்அப்பில் படம் போனது. மூன்றாம் நாள் மழையில் நனைந்த சப்பாத்துக்குள் மூக்கை வைத்த மாதிரி ஒரு மணம். நான்காம் நாள் அசைவே இல்லை. ஐந்தாம் நாளும் அப்படியே. வாழையடியில் ஊற்றினேன். அந்தக் கிழமைதான் வெள்ளம் வற்றிய கையோடு எங்கள் கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தார்கள். அதனால் செத்ததோ என்று ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு ஒஸ்லோவிலிருந்து மகள் வந்தாள். தன்னுடைய ஸ்டார்ட்டரை, அதுதான் பாணை எழும்ப வைக்கிற புளித்த மாக் கலவையை, காயவைத்து, உடைந்த அப்பளம் மாதிரி ஒரு சின்னப் பையில் கொண்டுவந்தாள். அதற்குப் பெயரும் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுதினால் என் மரியாதை போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து மா போட்டதும் இரண்டே நாளில் உயிர் வந்துவிட்டது. இப்போது மா போட்டால் மூன்று மணித்தியாலத்தில் இரண்டு மடங்காகிறது. ஆகவே அதில் பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

பிழை பாணில்தான். மகளின் கொப்பிக் கணக்கு இது: 500 கிராம் மா, 375 கிராம் தண்ணீர், 100 கிராம் ஸ்டார்ட்டர், 10 கிராம் உப்பு. பின்னேரம் ஏழு மணிக்குக் குழைத்து மேசையில் விடு, விடிய ஏழு மணிக்கு உருட்டு, இரண்டு மணித்தியாலம் பொறு, சுடு. அவள் அனுப்பும் படங்களில் பாண் கோயில் தூபி மாதிரி நிமிர்ந்து நிற்கும். நான் விடிய எழும்பி மூடியைத் திறந்தால் உள்ளே தோசைமா. கரண்டியால் அள்ளித்தான் தட்டில் ஊற்றினேன். சுட்டு எடுத்தபோது ரொட்டியை விடக் கொஞ்சம் தடிப்பு. இரண்டாம் தரம் இன்னும் பலமாகப் பிசைந்தேன், அரை மணித்தியாலம் கை நோகப் பிசைந்தேன். அதே கதைதான். மூன்றாம் தரம், இரவில் கண் படவில்லை என்பதால் நடக்கிறதோ என்று, விடிய ஏழுக்குக் குழைத்துப் பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். அது எல்லாவற்றிலும் மோசம். கடித்தால் பல் கூசும் புளிப்பு.

மகள் ஒரு வெப்பமானி வைத்துவிட்டுப் போனாள். எங்கள் குசினி பகலில் 32 பாகை, இரவில் 28. மா இங்கே கடையில் விற்கும் சாதாரணக் கோதுமை மா. ஓவன் மின்சாரத்தில் ஓடுவது, 230 பாகைக்கு மேல் போகாது. தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

தண்ணீரா, மாவா, ஓவனா, என் கையா? அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு 86 வயது. ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்: "உது குளிர் நாட்டுக்காரற்ற வேலை, உனக்கேன்?"


சும்மா வந்தவன் எழுதியது:

அக்கா, உங்கள் கோழியின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பின்னேரம் நாலு மணிக்குச் சந்திக் கடையில் றோஸ் பாண் சூடாக வந்து இறங்கும். ஒரு றாத்தல் வாங்கி, இடிச்ச சம்பலோடு வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நாள் பாடுபட்டுப் பல் கூசுவதற்கு ஏன் இந்த ஆக்கினை?


கோண்டாவில் குசினி எழுதியது:

தம்பி, றோஸ் பாண் வாங்கத் தெரியாமலா இங்கே வந்து கேட்கிறேன். விடை தெரியாத கணக்கை மூடி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.


ஸ்காபரோ மச்சாள் எழுதியது:

அக்கா, என் ஊர் உரும்பிராய், இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். எனக்கு உங்கள் பிரச்சினை தலைகீழாக வரும். தை மாதத்தில் எங்கள் குசினி 19 பாகை. மாவை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிடுவேன். அந்தச் சூட்டில்தான் எழும்பும். உங்கள் மகளின் பன்னிரண்டு மணித்தியாலம் எங்களைப்போல் விறைக்கிற ஆட்களுக்கு எழுதியது.

மாவும் வேறு. இங்கே பாணுக்கென்று விற்கும் மாவில் புரதம் 13 வீதமளவில் இருக்கும். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகும். 500க்கு 375 என்றால் 75 வீதம் தண்ணீர். போன வருடம் ஊருக்கு வந்து மூன்று கிழமை நின்றபோது மாமிக்குச் செய்து காட்டுகிறேன் என்று அதே அளவில் குழைத்தேன். இரண்டு கையும் மாவுக்குள் மாட்டி, மாமி வந்து கத்தியால் வழித்து எடுத்துவிட்டா. தண்ணீரை 320க்குக் குறைத்த பிறகுதான் உருட்டுகிற பதம் வந்தது.

ஸ்டார்ட்டருக்கும் ஒன்று. சமன் சமனாக மா போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வெயிலில் அது மூன்று மணித்தியாலத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு மிச்ச நேரம் புளித்துக்கொண்டு கிடக்கும். ஒரு பங்கு பழையது, ஐந்து பங்கு மா, ஐந்து பங்கு தண்ணீர் என்று போடுங்கள். இரவு போட்டால் விடியத்தான் உச்சிக்கு வரும், புளிப்பும் அடங்கும்.


அச்சுவேலிக் கிணறு எழுதியது:

எல்லோரும் தண்ணீரை விட்டுவிட்டுக் கதைக்கிறீர்கள். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. கேத்திலைத் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளைப் படை. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கள்ளு புளிக்காமல் கருப்பநீராக இறங்குகிறது. அதே சுண்ணாம்பு உங்கள் மாவைச் சும்மா விடுமா? போத்தல் தண்ணீர் வாங்கிச் செய்து பாருங்கள் அக்கா, பிறகு வந்து சொல்லுங்கள்.


ஆய்வுகூடத்து அன்ரி எழுதியது:

மார்கழியில் வாழையடிக்குப் போன போத்தலைப் பற்றி மட்டும் ஒரு சொல். அது குளோரினால் செத்ததாக எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டாம் நாள் பொங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் நாள் பொங்குவது பெரும்பாலும் ஈஸ்ட் இல்லை, பக்டீரியா. லியூக்கோனொஸ்டொக் என்று ஒரு கூட்டம். எங்கள் தோசைமாவும் இட்டலிமாவும் விடியப் பொங்கி நிற்பதற்கும் அந்தக் கூட்டம்தான் முக்கிய காரணம். மா கொஞ்சம் புளித்ததும் அது அடங்கிவிடும். அந்த இடைவெளிதான் உங்கள் நான்காம், ஐந்தாம் நாள். பார்க்கச் செத்த மாதிரி இருக்கும். ஆனால் புளிப்பைத் தாங்குகிற பக்டீரியாவும் ஈஸ்டும் அப்போதுதான் பெருகத் தொடங்கும். ஒரு நாளைக்கு ஒரு தரம் மா போட்டுக்கொண்டு இன்னும் நாலைந்து நாள் பொறுத்திருந்தால் அது தானாக எழும்பியிருக்கும். முதல் நாளே தண்ணீருக்குப் பதில் அன்னாசிச் சாறு விட்டால் அந்த முதற் கூட்டம் தலையெடுக்காது. வெள்ளை மாவோடு கொஞ்சம் குரக்கன் மா சேர்த்தாலும் நல்லது. தவிடு உள்ள மாவில்தான் இந்தச் சீவன்கள் கூட இருக்கும்.


போறணை வீட்டுப் பெடியன் எழுதியது:

ரீச்சர், மூன்று நாளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவோமா விடுவோமா என்று. தட்டச்சு எனக்கு மெதுவாகத்தான் வரும். பெயரில் பெடியன் என்று இருந்தாலும் வயது 67. சுன்னாகத்தில் அப்பாவுக்குப் பாண் சுடுகிற போறணை இருந்தது. பத்து வயதில் பலகைக் கட்டையில் ஏறி நின்று மாத் தொட்டிக்குள் கை விட்டவன் நான்.

முதலில் தண்ணீர்க் கதையை முடிப்போம். அச்சுவேலித் தம்பி, முட்டியில் பூசுவது நீற்றின சுண்ணாம்பு. வெற்றிலையில் கொஞ்சம் கூடினால் வாய் வெந்துபோகும் சாமான். கிணற்றில் வருவது கல் கரைந்த தண்ணீர், இரண்டும் ஒன்றில்லை. சுன்னாகத்துக் கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் போறணையில் அவ்வளவு பாணும் போட்டோம். கேத்திலில் படை கட்டுகிற தண்ணீர் மாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், அது பாணுக்கு நல்லதுதான். ரீச்சரின் ஸ்டார்ட்டர் மூன்று மணித்தியாலத்தில் இரட்டிப்பதும் அதே தண்ணீரில்தான். குளோரின் போட்ட கிழமையில் மட்டும் தண்ணீரை அகன்ற சட்டியில் ஒரு இரவு திறந்து வையுங்கள், போய்விடும். போத்தல் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ரீச்சர், உங்கள் மா எழும்பாமல் இருக்கவில்லை. எழும்பி, நின்று, களைத்து, விழுந்துவிட்டது. நீங்கள் நித்திரையில் இருந்தீர்கள். 28 பாகையில், 500க்கு 100 கிராம் ஸ்டார்ட்டர் போட்ட மா நாலு, நாலரை மணித்தியாலத்தில் உருட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். ஏழு மணிக்குக் குழைத்தால் பதினொன்றரைக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கும். நீங்கள் போனது விடிய ஏழுக்கு. அந்த நேரத்தில் புளிப்பு ஏறி, மாவிலேயே இருக்கிற நொதியங்கள் அதன் இழையை அறுத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பிசைந்தாலும் இழை திரும்பி வராது. இரண்டாம் தரம் கை நோகப் பிசைந்தீர்களே, அதற்காகத்தான் எனக்குக் கவலை.

அம்மா சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. குளிர் நாட்டுக்காரர் வேலை என்பதில் பாதி சரி. பாண், போறணை, நீங்கள் பெயரில் போட்டிருக்கிற குசினி, எல்லாம் போர்த்துக்கேயன் விட்டுப்போன சொற்கள். ஆனால் ஈஸ்டைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் போட்ட பாணெல்லாம் ஏதோ ஒன்று புளித்து எழும்பியதுதான். எங்கள் பக்கத்தில் அந்த ஏதோ ஒன்று கள்ளு. அம்மாவிடம் அப்பத்துக்கு என்ன விட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்பா பனங்கள்ளுக் காலத்தில் விடிய இறக்கிய கள்ளைத் துணியில் வடித்து, மாவோடு கூழ்ப் பதத்தில் கரைத்து மண்பானையில் வைப்பார். வெயில் ஏறுவதற்குள் அது நுரைத்து வாய்வரை வந்துவிடும். அதைத் தொட்டியில் ஊற்றி மிச்ச மாவைக் குழைப்போம். விடியக் கள்ளுதான் வேண்டும். முதல்நாள் மிச்சம் வினாகிரியாகப் போகும் வழியில் இருக்கும், அதை விட்டால் பாண் புளிக்கும், எழும்பவும் மாட்டாது. இப்போது கடையில் போத்தலில் அடைத்து விற்கிற கள்ளை யாரும் வாங்கி முயற்சி செய்ய வேண்டாம். அதைச் சூடாக்கித்தான் அடைப்பார்கள், உள்ளே உயிர் இருக்காது.

1990க்குப் பிறகு யுத்தத்தில் பொருளாதாரத் தடைக் காலம் வந்தது. கறண்ட் இல்லை, எங்களுக்கு ஈஸ்ட் பேணி வரவில்லை, மா கப்பல் வந்தால்தான் உண்டு. அப்போது கள்ளில்லாத மாதங்களில் அப்பா முதல்நாள் மாவில் ஒரு பிடி கிள்ளி, ஈரத் துணியால் மூடி வைத்து, அடுத்த நாள் மாவில் போட்டுக் குழைப்பார். அதற்குப் பழைய மா என்று சொல்வோம். வேறு பெயரெல்லாம் கிடையாது. நாப்பது வயது வரை சவர்டோ என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தம் நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது, குழைத்த மா தொட்டியில் கிடக்கக் கிடக்க நாங்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போனோம். அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது தொட்டியும் இல்லை, போறணைக் கதவும் இல்லை. அப்பா அதன் பிறகு பாண் போடவில்லை. சரி, அதை விடுங்கள்.

நீங்கள் கணக்கு ரீச்சர் என்பதால் ஒரு கணக்குத் தருகிறேன். அப்பா புறங்கையால் மாவையும் தண்ணீரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாளி கிணத்துத் தண்ணி" என்பார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிறகுதான் அதற்குள் ஒரு கூட்டல் கழித்தல் இருக்கிறது என்று தெரிந்தது. குழைத்து முடித்த மா 26 பாகையில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் குசினியின் சூட்டையும் மாவின் சூட்டையும் கழியுங்கள். உங்கள் குசினி 31, அலுமாரியில் இருக்கிற மாவும் 31 என்றால் மிச்சம் 16. அந்த 16 பாகைத் தண்ணீரில் குழைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் அந்த வெயிலில் 30க்குக் குறைய வராது, ஆகவே பிரிட்ஜ் தண்ணீரைக் கலந்து வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள். இது ஒன்றைச் செய்தாலே உங்களுக்கு ஒரு மணித்தியாலம் கையில் கிடைக்கும்.

இனி வேலை. இரவு ஒன்பது மணிக்கு 10 கிராம் ஸ்டார்ட்டரில் 50 மா, 50 தண்ணீர், ஸ்காபரோப் பிள்ளை சொன்ன மாதிரி. விடிய ஐந்துக்கு அது உச்சியில் நிற்கும், நடுவில் இலேசாகக் குழி விழத் தொடங்கினால் அதுதான் நேரம். அதில் 75 கிராம் எடுங்கள். 500 மா, 310 தண்ணீர். உப்பு 10 கிராம். ஆனையிறவுக் கல்லுப்பு என்றால் முதலே தண்ணீரில் கரைத்துவிடுங்கள், கல் கல்லாக மாவுக்குள் போனால் வாயில் அகப்படும். பத்து நிமிடம் பிசைந்தால் போதும். முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் அரை மணிக்கு ஒரு தரம் கையை நனைத்து, மாவின் நாலு பக்கத்தையும் இழுத்து நடுவில் மடியுங்கள். பிறகு தொட வேண்டாம்.

மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நீங்கள் பார்ப்பீர்கள். ஆனால் குழைத்த மாவில் ஒரு சின்ன உருண்டை எடுத்து, நேராக நிற்கிற தேத்தண்ணிக் கிளாசுக்குள் அமத்தி, அதன் உயரத்தில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, பெரிய மாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சட்டியில் இருக்கிற மா எவ்வளவு எழும்பியது என்று கண்ணுக்குத் தெரியாது, கிளாசில் தெரியும். ஒன்றரை மடங்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இரண்டு மடங்கு வரட்டும் என்று சொல்வது குளிர் நாட்டில். எங்கள் சூட்டில் பிரிட்ஜுக்குள் போன பிறகும் மா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வேகமாகப் போன சைக்கிள் பிரேக் பிடித்ததும் நிற்காத மாதிரி. உங்கள் குசினியில் ஒன்பது, ஒன்பதரைக்கு அந்த அளவு வரும். உருட்டி, மா தூவிய துணி விரித்த கடகத்தில் வைத்து, மூடி, பிரிட்ஜில் அடுத்த நாள் விடிய வரை.

சுடும்போது மூடியுள்ள கனத்த இரும்புச் சட்டி ஒன்றை ஓவனுக்குள் வைத்து 230இல் முக்கால் மணித்தியாலம் காயவிடுங்கள். மாவைப் பிரிட்ஜிலிருந்து நேரே எடுத்து, சவர அலகால் ஒரு கீறு கீறி, சட்டிக்குள் இறக்கி மூடுங்கள். மாவின் நீராவி மூடிக்குள்ளேயே நின்றால் மேல்தோல் கெதியாக இறுகாது, பாணுக்கு எழும்ப இடம் கிடைக்கும். 25 நிமிடத்தில் மூடியை எடுத்துவிட்டு இன்னும் 20 நிமிடம். மண்சட்டி வேண்டாம், குளிர்ந்த மா விழுந்தால் வெடிக்கும். எங்கள் போறணையில் வெப்பமானி இல்லை. நெருப்பை இழுத்துவிட்டுத் தரையில் ஒரு பிடி மா தூவுவோம். பத்து எண்ணுவதற்குள் கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

எழுதி முடிய நித்திரை வந்துவிட்டது. செய்துவிட்டுச் சொல்லுங்கள்.


கோண்டாவில் குசினி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. உங்கள் பதிலை இரண்டு தரம் படித்தேன். பாலத்தைப் பற்றி எழுதிய இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தேன். அந்த இரவு நாங்களும் அதே கூட்டத்தில்தான் போனோம்.

நேற்று விடியச் செய்தேன். குசினி 30, மா 30. 78இலிருந்து கழித்தால் 18. பிரிட்ஜ் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் கலந்து 18க்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் பிடித்தது. குழைத்து முடித்து வெப்பமானியை மாவுக்குள் குத்தினேன். 27 காட்டியது. ஒரு பாகை எங்கே போனது என்று யோசித்தேன். ஸ்டார்ட்டரின் சூட்டையும் என் கைச் சூட்டையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த தரம் ஸ்டார்ட்டரையும் சேர்த்து நாலால் பெருக்கிப் பார்க்கப் போகிறேன்.

310 தண்ணீரில் மா கையில் ஒட்டவில்லை, ஸ்காபரோத் தங்கச்சி சொன்னது சரி. மூன்று தரம் மடித்த பிறகு அது சட்டிக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும்தான் முன்பெல்லாம் நான் குழைத்தது எவ்வளவு செத்துப்போய்க் கிடந்தது என்று விளங்கியது. தேத்தண்ணிக் கிளாசில் ரப்பர் வளையத்துக்கு மேலே ஒன்றரை மடங்கு வர ஒன்பதே கால். அதற்கு முன் எட்டரைக்கு அம்மா அந்தக் கிளாசை எடுத்துக் கழுவப் போனார். ஓடிப்போய்ப் பறித்தேன்.

விடியச் சுட்டபோது எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்க, மூடியை எடுத்து ஆறாவது நிமிடத்தில் கறண்ட் போய்விட்டது. கதவைத் திறக்காமல் அப்படியே விட்டேன். இருபது நிமிடத்துக்குப் பிறகு வந்தது. அதனால் மேல்ப்பக்கம் கொஞ்சம் வெளிறிப்போய்த்தான் இருக்கிறது. கீறிய இடம் வாய் திறந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆனால் பாண் நிமிர்ந்து நிற்கிறது. அடி மட்டத்திலிருந்து அளந்தேன், 9 சென்ரிமீற்றர். மகளுக்குப் படம் அனுப்பினேன், இந்த முறை அவசரப்படாமல் வெட்டிய பிறகுதான்.

அம்மாவிடம் அப்பக் கதையைக் கேட்டேன். கள்ளு வாங்கப் போகிற வேலை சின்ன வயதில் தன்னுடையது என்றும், போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருவேன் என்றும், கள்ளு விடாத அப்பத்தை அப்பம் என்று சொல்வதே பிழை என்றும் அரை மணித்தியாலம் சொன்னார். பாணை நேற்றைய மீன் குழம்பில் தோய்த்து இரண்டு துண்டு சாப்பிட்டார். "பாண் எண்டு சொல்லலாம்" என்றார். நடுப்பகுதி கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது. அது ஏன் என்று சொல்ல முடியுமா?


போறணை வீட்டுப் பெடியன் எழுதியது:

எடுத்து எவ்வளவு நேரத்தில் வெட்டினீர்கள் ரீச்சர்?


கோண்டாவில் குசினி எழுதியது:

பத்து நிமிடம் இருக்கும்.


போறணை வீட்டுப் பெடியன் எழுதியது:

அதுதான். சட்டியிலிருந்து எடுத்த பாண் உள்ளே இன்னும் அவிந்துகொண்டு இருக்கும். கம்பித் தட்டில் வைத்து, அடியில் காற்றுப் போகவிட்டு, குறைந்தது இரண்டு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். கறண்ட் போனதும் ஒரு காரணம்தான். அடுத்த தரம் வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள், 96 பாகைக்கு மேல் இருந்தால் வெந்துவிட்டது. சூட்டோடு சாப்பிட வேண்டுமென்றால் றோஸ் பாண் வாங்குங்கள், அந்தத் தம்பி சொன்னது அந்த அளவில் சரி.


சும்மா வந்தவன் எழுதியது:

ஐயா, இரண்டு கிழமைக்குப் பிறகு எனக்கும் ஒரு மரியாதை கிடைத்தது. அக்கா, கோழி என்ன சொன்னது?


கோண்டாவில் குசினி எழுதியது:

கோழிக்கு மிஞ்சவில்லை தம்பி. ஸ்டார்ட்டர் வேண்டுமென்றால் ஒரு ஜாம் போத்தலைக் கழுவி, சவர்க்கார மணம் போகக் காயவைத்து எடுத்துக்கொண்டு வா. மூடியை இறுக்கிப் பூட்டாதே, வழியில் வெடிக்கும்.